பத்தாவது ஆளும் ஒட்டுநாடா போட்ட அலுமாரியும்

நான் வேலை செய்கிற வீட்டு அம்மாவுக்கு, என் சின்யோராவுக்கு, எண்பத்தாறு வயது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறேன். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் யூதர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தச் சில பேரில் ஒருவருடைய வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவக்காரி ஒருத்தி போய்ச் சேர்ந்தது முருகன் விட்ட பகிடி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்யோராவும் அவருடைய ஆட்களும் என்னோடு இத்தாலியனில்தான் கதைப்பார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் அது என் காதுக்குள் நுழையும்போதே எங்கள் தமிழாக மாறிவிடுகிறது. அவர்கள் எல்லோரும் இந்தக் கதையில் சுன்னாகம் சந்தையில் நிற்கிறவர்கள் மாதிரிக் கதைத்தால் குற்றம் என்னுடையது, அவர்களுடையது இல்லை.

வேலைக்குப் போன முதல் மாதம் நான் படித்தது அலுமாரிகளைத்தான். சமையலறையில் இரண்டு. ஒன்றில் இறைச்சிக்குரிய சட்டி, தட்டு, கரண்டி. மற்றதில் பாலுக்கும் வெண்ணெய்க்கும் உரியவை. ஒன்றின் கரண்டி மற்றதில் பட்டால் பெரிய பாடு. அதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டியில் மச்சக் கரண்டி பட்டதற்கு மூன்று நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிற வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது அலுமாரி அறைகளுக்கு இடையிலான நடைபாதையில் இருந்தது. அதில் பஸ்காப் பெருநாளுக்குரிய பாத்திரங்கள். வருடத்தில் எட்டு நாள்தான் அதைத் திறப்போம். மற்ற நாட்களில் கதவு இரண்டையும் சேர்த்து ஒட்டுநாடா போட்டிருக்கும். வீட்டில் பாணோ கேக்கோ ஒரு துண்டு கிடந்தாலும் அதைத் திறக்கக் கூடாது. இந்த அலுமாரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது படித்தது சாடைப் பேச்சு. வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை சின்யோரா லைற் போடக்கூடாது. என்னைப் பார்த்து லைற்றைப் போடச் சொல்லி ஏவவும் கூடாது. ஆனால் "இந்த அறை இருட்டாக் கிடக்கு" என்று காற்றோடு சொல்லலாம். கேட்கிறவளுக்குப் புத்தி இருந்தால் விளங்கிக்கொள்வாள். முதல் இரண்டு சனிக்கிழமையும் நான், "ஓம் சின்யோரா, சரியான இருட்டு" என்று சொல்லிவிட்டு என் பாட்டில் போய்விட்டேன். பாவம் மனிசி, இருட்டுக்குள்ளேயே இருந்து சாப்பிட்டிருக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை அவருடைய கணவர்தான் சிரித்துச் சிரித்து எனக்கு விளங்கப்படுத்தினார். பிறகு சனிக்கிழமைக்கென்று இருந்த அந்தப் பழக்கம் ஏழு நாளுக்கும் பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை, "சன்னல் கண்ணாடியில ஆரோ கைவிரல் வைச்சிருக்கினம் போல" என்றால் நான் துணியை எடுக்கவேண்டும்.

அந்தக் கணவர் நல்ல மனிதர். துறைமுகத்தில் சார்தீனியாவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, சிக்கல்பட்ட நேரம், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியப்புறம் வந்து என்னோடு வரிசையில் நின்றவர். எனக்கு இந்த ஊரில் அப்படி நின்ற வேறு ஆள் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னர் செத்துப்போனார்.

அவருடைய ஆண்டு நாளைத்தான் சொல்லவந்தேன். எங்கள் திவசம் போலத்தான் அதுவும். அவர்களுடைய மாதக் கணக்கில் வருகிற நாள். அன்று பொழுதுபட முன்னர் வீட்டில் பத்து ஆண்கள் கூடி நின்று பிரார்த்தனை செய்து, செத்தவருக்காகக் கதிஷ் என்று ஒன்றைச் சொல்லவேண்டும். பத்துப் பேர் இல்லாவிட்டால் கதிஷ் சொல்லவே முடியாது. ஒன்பது பேர் வந்தால் ஒன்பது பேரும் சும்மா நின்றுவிட்டுப் போகவேண்டியதுதான். பிள்ளைகள் இல்லாத சின்யோராவுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாள்.

இன்னொரு விஷயம். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. நாவூறு பட்டுவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு இருக்கிற அதே பயம் அவர்களுக்கும் இருக்கிறது. அதற்குச் சின்யோரா ஒரு வழி வைத்திருந்தார். அவர் கையால் தைத்த பத்து நீலத் தொப்பிகள், உச்சியில் மட்டும் ஒட்டி நிற்கிற சின்னத் தொப்பிகள். அவற்றை வெள்ளித் தட்டில் வாசலில் வைப்பார். வருகிற ஆண் தன்னுடைய தொப்பியைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார். தட்டு காலியானால் பத்துப் பேர் வந்தாயிற்று. ஒருவரையும் எண்ணவில்லை, நாவூறும் இல்லை.

இப்போது போர். காசாவில் போர் தொடங்கிய பிறகு அந்தக் கைப்பிடி அளவு ஆட்களும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பழைய முறைக்காரர். ஆண்களை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பாமசிக்காரர். அவருடைய அக்காவின் பேரன் அங்கே படையில் இருந்தான். மனிதர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். போர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பிரார்த்தனை முடிவிலும், படையினரைக் காக்கச் சொல்லிக் கேட்கிற ஒரு தாளை எடுத்து வாசிப்பார். மறுபக்கம் புதிய முறைக்காரர். பெண்களையும் கணக்கில் எடுப்பவர்கள். அவர்களுக்குத் தலைவி லிசேயோப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்குப் பதாகையோடு போகிறவர். அவரிடமும் ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டு பக்கத்தில் செத்தவர்களுக்கும் பிரார்த்தனை, காசாவில் செத்த பிள்ளைகளுக்கும் சேர்த்து.

பாமசிக்காரர் தாளை எடுத்தால் ரீச்சரின் ஆட்கள் எழும்பிப் போனார்கள். ரீச்சர் தாளை எடுத்தால் பாமசிக்காரரின் ஆட்கள் எழும்பிப் போனார்கள். கொஞ்ச நாளில், எழும்பிப் போவதற்கென்றே வந்து இருக்கிறார்கள் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

இருவரும் தனித்தனியாகச் சின்யோராவிடம் வந்து நியாயம் கேட்டார்கள். நான்தானே கோப்பி கொண்டுபோய் வைக்கிறவள், எல்லாம் கேட்டேன்.

"எங்கட பிள்ளையளைக் கொண்டு போட்டாங்கள், பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருக்கிறாங்கள். காவல் நிக்கிறவனுக்காகக் கடவுளைக் கேக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது?" என்றார் பாமசிக்காரர்.

அடுத்த நாள் ரீச்சர் வந்தார். "அந்தப் பிள்ளையளையும் அதே கடவுள்தானே படைச்சவர். எங்கட பேரைச் சொல்லிச் செய்யேக்கை நாங்கள் வாய் மூடிக்கொண்டு இருந்தா, பேந்து என்னத்துக்குப் பிரார்த்தனை?"

இருவரும் விரல் வைத்துக் காட்டியது சின்யோராவின் மேசையில் கிடந்த ஒரே பிரார்த்தனைப் புத்தகத்தை. நான் எட்டிப் பார்த்தேன். பக்கம்கூட அதேதான். இருவரும் அழுதார்கள். அதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. இரண்டில் ஒன்று பொல்லாத ஆள் என்றால் எனக்கு வேலை சுகம், அவருக்கு ஆறின கோப்பியைக் கொடுத்துவிட்டு இருந்திருப்பேன்.

ஆண்டு நாள் நெருங்கியது. பாமசிக்காரரின் பக்கத்தில் ஐந்து ஆண்கள். ரீச்சரின் பக்கத்தில் நாலு ஆண்கள், ஐந்து பெண்கள். ரீச்சரின் கணக்குப்படி எல்லோரும் வந்தால் பத்துக்கு மேலே. ஆனால் செத்த மனிதர் பழைய முறைக்காரர். அவருக்கு அவருடைய முறையில்தான் நடக்கவேண்டும் என்று சின்யோரா ஒரே பிடி. அப்படியென்றால் இரண்டு பக்கத்து ஆண்களும் வேண்டும். வந்தாலும் ஒன்பதுதான். பத்தாவது ஆளாக வருடா வருடம் வந்த பல் வைத்தியர், மிலானோவில் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

சின்யோரா இரண்டு பேருக்கும் தொலைபேசி எடுத்தார். பாமசிக்காரர், "வாறன், ஆனா என்ர தாளை வாசிக்கவேணும்" என்றார். சின்யோரா, "கொண்டு வாங்கோ" என்றார். ரீச்சர், "என்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன், ஆனா உவற்ர தாளை வாசிச்சா எங்கட தாளும் வாசிக்கவேணும்" என்றார். சின்யோரா அவருக்கும், "கொண்டு வாங்கோ" என்றார். போனை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வீட்டில காகிதங்கள் கொஞ்ச நாளா அடிக்கடி காணாமல் போகுது."

அது வரைக்கும் இந்த வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனதில்லை. நான் வேலை செய்கிற வீடு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் சன்னலில் தெரிந்த அவருடைய முகத்தைப் பார்த்தேன். எண்பத்தாறு வயதில் அப்படி ஒரு கள்ளச் சிரிப்பு. "ஓம் சின்யோரா, கவனிக்கவேணும்" என்றேன்.

மிச்சம் பத்தாவது ஆள். அந்தச் சனிக்கிழமை சூப்பைக் குடித்துக்கொண்டு அவர் கரண்டியோடு கதைத்தார். "சியாகுல்லியில மண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிசன் வந்து நிக்கிறாராம். பஸ்காவுக்கு விக்கிற சாறு எங்கட முறைப்படி சுத்தமாப் பிழியினமோ எண்டு பாக்கிற வேலையாம். போன் வைச்சிருக்கிறேல்லையாம். அங்கை வேலை செய்யிற ஆக்களை ஆரையும் தெரிஞ்சிருந்தா நல்லது."

எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன். "ஓம் சின்யோரா, தெரிஞ்சிருந்தா நல்லதுதான்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். முதல் மாதம் சாடை உண்மையாகவே விளங்கவில்லை; வேண்டுமென்றே விளங்காத மாதிரி நின்றது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் வேலை செய்வது என் அண்ணா.

எனக்கும் அண்ணாவுக்கும் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பேச்சு இல்லை. அவரும் பலேர்மோவில்தான், என் வீட்டிலிருந்து ஒரே பஸ். எங்கள் தம்பி எங்கள் போரில் செத்தவன். உடல் கிடைக்கவில்லை, செத்த நாளும் தெரியாது. முதலாம் ஆண்டுப் படையலில், என் வீட்டில், வந்த சனங்களுக்கு முன்னால் அண்ணா சொன்னார்: "இஞ்சை பாதுகாப்பா இருந்து கொண்டு கை தட்டின நாங்கள்தான் அவனைக் கொண்டது." கை தட்டினவள் நான். அது எல்லோருக்கும் தெரியும். "அவன் எங்களுக்காகப் போனவன், அவனைக் கொச்சைப்படுத்தாதேங்கோ, வெளியில போங்கோ" என்றேன். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு நான் நாள் தெரியாதவர்களுக்குப் படைக்கிற ஆடி அமாவாசையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா, தம்பி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்த சித்திரை நாளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வீடு, இரண்டு படையல். பலேர்மோவில் என் தம்பி வருடத்தில் இரண்டு தரம் செத்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நான், பாமசிக்காரரையும் ரீச்சரையும் பார்த்து, இந்தச் சனங்களுக்கு ஏன் இந்த விசர் என்று கோப்பிக் கோப்பையைக் கழுவிக் கழுவிச் சிரித்தது. அந்தச் சனிக்கிழமை எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். சட்டியை எல்லாம் அடித்து அடித்துக் கழுவினேன். சின்யோரா முன்னறையிலிருந்து, "இண்டைக்குச் சட்டியள் நல்லாக் கதைக்குது" என்றார்.

ஞாயிறு, திங்கள் போயிற்று. ஆண்டு நாள் புதன். செவ்வாய் காலை போய்ப் பார்த்தால், சின்யோரா பத்துத் தொப்பியையும் கழுவி, கதிரையின் முதுகில் வரிசையாகக் காயப் போட்டிருந்தார். ஒன்றையும் என்னைக் கழுவ விடவில்லை. சாடையும் சொல்லவில்லை. அவர் சாடை சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குவெஸ்தூரா வாசலில் குளிரில் நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். பால்கனிக்குப் போய் அண்ணாவுக்கு அடித்தேன்.

"அண்ணா, நான்தான்."

பின்னால் பெட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்றார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. உங்கட தோட்டத்தில நிக்கிற கறுப்புக் கோட்டுக்காரர் எனக்கு நாளைக்கு வேணும்."

"அவரோ? எதுக்கு?"

"பத்தாவது ஆளுக்கு."

விளங்கப்படுத்தினேன். அண்ணா முழுவதையும் கேட்டார். கடைசியில், "உவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, நான் வைச்ச தேத்தண்ணியே குடிக்கமாட்டார். கேட்டுப் பாக்கிறன்" என்று வைத்துவிட்டார். கால் மணித்தியாலத்தில் திருப்பி அடித்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் கேட்டவர். செத்த ஆளுக்கோ, அரசியலுக்கோ எண்டு. செத்த ஆளுக்கு எண்டன். செத்தவைக்கு எண்டு கூப்பிட்டா ஆர் வீடு எண்டு பாக்காமல் போகவேணுமாம். நாளைக்குக் கொண்டு வாறன்."

செத்தவைக்கு என்றால் ஆர் வீடு என்று பார்க்கக்கூடாதாம். அதைச் சொன்னது என் அண்ணா. ஓம் என்று சொல்லி வைத்துவிட்டு, தொப்பிகள் காய்ந்துவிட்டதோ என்று பார்க்கப் போனேன்.

புதன்கிழமை பின்னேரம் பாமசிக்காரர் ஆட்கள் முதலில் வந்து சன்னல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரீச்சரின் நாலு ஆண்களும் வந்து கதவுப் பக்கம் நின்றார்கள். நடுவில் சோபா. இரண்டு தாளும் பியானோவின் மேல், ஒன்று அந்தத் தொங்கல், மற்றது இந்தத் தொங்கல். ரீச்சரும் மற்றப் பெண்களும் சாப்பாட்டு அறையில் சின்யோராவோடு இருந்தார்கள். ரீச்சர் வழமையாக முன்னுக்கு நின்று வாசிக்கிறவர், அன்றைக்குச் சின்யோராவுக்காகக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்க ஒத்துக்கொண்டவர். முகத்தில் தெரிந்தது எவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று. நான் அவருக்குக் கேக்கில் பெரிய துண்டாக வைத்தேன்.

தட்டில் ஒரு தொப்பி மிச்சம். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். நான் பால்கனியிலிருந்து ஒழுங்கையைப் பார்த்தேன். மூன்று சில்லு லாப்பா வண்டி ஒன்று படபடவென்று வந்தது. பின்னால் மண்டரின் பெட்டிகளுக்கு நடுவில், நீளக் கறுப்புக் கோட்டோடு ஒரு மனிதர், ஒரு கையால் தாடியையும் மறு கையால் பெரிய தொப்பியையும் பிடித்துக்கொண்டு நேராக நிமிர்ந்து இருந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது அண்ணா. தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் மேலே பார்க்கவில்லை.

கறுப்புக் கோட்டுக்காரர் உள்ளே வந்ததும் பாமசிக்காரரின் முகம் பூரித்துப்போனது. இவ்வளவு பக்தியான கோலத்தில் ஒருவர் வந்தால் தன் பக்கம்தானே என்று நினைத்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, முடிவில் படையினருக்கு ஒரு பிரார்த்தனையும் இருக்கிறது என்றார்.

"எனக்கு அந்த அரசும் இல்லை, அந்தப் படையும் இல்லை" என்றார் அவர் அமைதியாக. "மேசியா வர முதல் எங்கட ஆக்கள் அரசாங்கம் வைச்சதே பிழை. அதுக்கு மேல சண்டை வேறயோ?"

பாமசிக்காரர் பிடித்திருந்த கையை விட்டார். சாப்பாட்டு அறையிலிருந்து ரீச்சர் கேக்கும் கையுமாக எழும்பி வந்து, "கேட்டியளே" என்றார். பெரிய சந்தோசம் அவருக்கு. கறுப்புக் கோட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொம்பிளையள் முன்னுக்கு நிண்டு பிரார்த்தனை நடத்திற கூட்டத்தோடயும் எனக்குச் சேர்த்தி இல்லை" என்றார். ரீச்சரின் முகமும் பாமசிக்காரரின் முகமும் பல மாதங்களுக்குப் பிறகு ஒரே மாதிரி ஆகின. போரை எதிர்க்கிறவர், ஆனால் எதிர்க்கிறவர்களோடு சேராதவர். பழைய முறைக்காரர், ஆனால் பழைய முறைக்காரர்களோடு சேராதவர். பத்தாவது ஆள் யாருடைய ஆளும் இல்லை என்று எல்லோருக்கும் விளங்கியது.

அவர் சின்யோராவின் பக்கம் திரும்பாமலே, செத்தவரின் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் கேட்டார். சின்யோரா சொன்னார். அவர் அதை மெதுவாக இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒருவரும் வாதாடவில்லை.

ஆனால் தொடங்கவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்கள். சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு போனது. பாமசிக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், புறுபுறுத்தார். எதற்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு வாசலைப் பார்த்தேன். வெள்ளித் தட்டில் இன்னும் ஒரு நீலத் தொப்பி கிடந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் தன்னுடைய பெரிய தொப்பியைக் கழற்றவில்லை, சின்யோராவின் தொப்பியை எடுக்கவும் இல்லை. தட்டு காலியாகவில்லை, ஆகவே பத்துப் பேர் இல்லை. பத்துப் பேரும் நின்றுகொண்டு பத்தாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாரையும் எண்ணக்கூடாதே.

நான் எண்ணினேன். தமிழில், மனதுக்குள். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர்களுடைய கடவுளிடமும் ஒரு தரம் கேட்டுக்கொண்டு, பத்து வரைக்கும் எண்ணினேன். பிறகு தட்டுத் துடைக்கிறவள் மாதிரிப் போய், அந்தத் தொப்பியை எடுத்து என் ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டு, காலித் தட்டைப் பாமசிக்காரருக்குத் தெரியும்படி சரித்துத் துடைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். உடனே தொடங்கிவிட்டார்.

பிரார்த்தனையின் நடுவில் எல்லோரும் தனித்தனியாக வாய்க்குள் சொல்கிற பகுதி ஒன்று உண்டு. அதன் முடிவில் கடவுளிடம் சமாதானம் கேட்பார்கள். கேட்கும்போது மூன்று அடி பின்னால் போகவேண்டும். பத்து ஆண்கள், ஒரு சோபா, ஒரு பியானோ, இரண்டு அலங்கார மேசை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்துப் பின்னால் வந்தார்கள். சன்னல் பக்கத்து ஐந்து பேரின் முதுகும் கதவுப் பக்கத்து நாலு பேரின் முதுகும் சோபாவுக்குப் பின்னால் முட்டிக்கொண்டன. பாமசிக்காரர் யாருடைய காலையோ மிதித்துவிட்டு, திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டார். அது ரீச்சரின் புருசன். ரீச்சர் வாயில் கையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில், "சமாதானம் எண்டால் பின்னுக்குத்தான் போகவேணும் எண்டு சின்னனிலயே படிப்பிச்சவை" என்றார்.

பிறகு கதிஷ். பாமசிக்காரர்தான் சொன்னார். சொல்லச் சொல்ல மற்ற ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். ஒரு ஆமென்னும் குறையவில்லை. அதில் சாவு என்ற சொல்லே இல்லையாம், ரீச்சர் பிறகு சொன்னார். சின்யோரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வாயும் அசைந்தது. எனக்கு அழுகை வந்தது. நான் அதை மறைக்கவில்லை.

நான் அழுதுகொண்டு நின்றாலும் வேலையை மறக்கவில்லை. கதிஷ் முடிந்து பாமசிக்காரர் பியானோவைப் பார்த்துக் கையை நீட்டினார். தாள் இல்லை. ரீச்சரும் உள்ளே வந்து பார்த்தார். அவருடையதும் இல்லை.

"மேசை துடைக்கேக்கை எடுத்து ஒழுங்குபடுத்தி வைச்சிட்டன்" என்றேன்.

"எங்கை?"

"நடைபாதை அலுமாரிக்குள்ள, திறக்காமல் கதவின்ர கீழ் இடுக்கால தள்ளி. தவறுதலா அந்த இடுக்குக்கும் ஒட்டுநாடா போட்டிட்டன்."

பாமசிக்காரர் நடைபாதையைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த கேக்கைப் பார்த்தார். வீட்டில் கேக் கிடக்கும்போது பஸ்கா அலுமாரியைத் திறக்கச் சொல்ல அவரால் முடியாது. இருக்கிற எல்லோரிலும் கட்டுப்பாடு கூடியவர் அவர்தானே. கேக் செய்யப் போகும்போதே நான் இதை யோசித்து வைத்திருந்தேன். சின்யோரா, "அட, பஸ்காவுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு" என்று மிகவும் கவலைப்பட்டார். கறுப்புக் கோட்டுக்காரர் தாடிக்குள் சிரித்ததை நான் கண்டேன். ஒரு மாதம் கழித்து ஒட்டுநாடாவை வெட்டியபோது இரண்டு தாளும் சூப்புத் தட்டுகளுக்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சின்யோரா அவற்றை வாசித்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் மடித்துத் தன் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது சின்யோரா என் பக்கத்தில் வந்து நின்று சீனிப் போத்தலோடு கதைத்தார். "ஒழுங்கையில ஆரோ குளிருக்குள்ள நிக்கிறார் போல. இஞ்சை ஒரு கோப்பை மிச்சமாக் கிடக்கு."

இந்தத் தரம் விளங்காத மாதிரி நிற்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று கரண்டி சீனி போட்டு, அண்ணா குடிக்கிற மாதிரிச் சாயத்தோடு ஊற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணா லாப்பாவில் சாய்ந்து நின்றார். கோப்பையை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார்.

"சீனி காணுமோ?" என்றேன்.

"எனக்குச் சீனி வருத்தம் வந்து நாலு வருசம்."

எனக்குத் தெரியாது. ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் நாலு வருடமாக என் அண்ணாவுக்கு வருத்தம், எனக்குத் தெரியாது. கோப்பையைப் பறிக்கப் போனேன். அவர் தரவில்லை, முழுவதையும் குடித்து முடித்தார்.

"ஆடி அமாவாசைக்கு உளுந்து ஊறப்போட்டா, எனக்கு மட்டும் கனக்க வந்திடுது" என்றேன், லாப்பாவின் சில்லைப் பார்த்துக்கொண்டு. பத்தொன்பது வருடம் சின்யோராவோடு இருந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்.

"ஆடி அவன்ர நாள் இல்லை" என்றார் அண்ணா.

"அப்ப சித்திரையோ? போன் எடுத்த நாள் எப்பிடிச் செத்த நாளாகும்?"

"அதுக்குப் பேந்து அவன் ஒரு சொல்லும் கதைக்கேல்லையே."

தொடங்கிவிட்டோம். பதினைந்து வருடத்துச் சண்டை, விட்ட இடத்திலிருந்தே. கை தட்டினது, அனுப்பினது, போனது, எல்லாம் வந்தது. மேலே சன்னல்கள் திறந்தன. பாமசிக்காரரும் ரீச்சரும் ஒரே சன்னலில் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார்கள். கறுப்புக் கோட்டுக்காரர் இறங்கி வந்து, எங்களைக் காணாதவர் மாதிரிப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி இருந்துகொண்டார்.

"அண்டைக்குச் சொன்னது பிழை எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் அண்ணா.

"நானும் சொல்லமாட்டன்" என்றேன்.

அவர் கோப்பையை என் கையில் தந்தார். லாப்பாவைத் திருப்ப இடமில்லாத ஒழுங்கை அது. பின்னாலேயே எடுக்கவேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு நாளும் வாறன். நீயும் வா."

அந்தச் சித்திரையில் நான் அண்ணா வீட்டுக்குப் போனேன். ஆடியில் அண்ணா என் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளும் சண்டை பிடித்தோம், இரண்டாம் நாள் சண்டையில் ஒரு தாச்சி வடை கருகிப்போனது. அந்த வருடமும் தம்பி இரண்டு தரம்தான் செத்தான். ஆனால் இரண்டு தரமும் அவனுக்காக அழ நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.